பதினாறு மீட்டர்

இங்கன ஆள் இருக்கா அண்ணாச்சி? இல்லையா? அப்ப உக்காந்துக்கிடுதேன். திருநெல்வேலிதான் போறேன்.

மடியில என்ன, பட்டா காகிதமா? நிலம் அளக்க மனு போட்டிருக்கியளா? சரி, சரி. சர்வேயருக்கு எவ்வளவு கொடுக்கணும்னா கேக்கிய? யார்கிட்ட கேக்கிய பாத்தீகளா! நானே சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவன்தான். வேலாயுதப்பெருமாள்னு பேரு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அதுல ஒரு ரூவா கை நீட்டி வாங்கினதில்ல. நம்ப மாட்டிய. யாரும் நம்ப மாட்டாவ. ஆனா நெசம்.

ஒருவாட்டி ஒரு ஆளு நான் இல்லாத நேரம் பாத்து வீட்டு வாசல்ல ஒரு கூடை மாம்பழத்தை வச்சிட்டுப் போயிட்டான். மறுநாள் கூடையைத் தலையில தூக்காத குறையா பஸ்ல பதினாலு கிலோமீட்டர் போய்த் திருப்பிக் கொடுத்தேன். ரெண்டு பழம் அழுகிப் போச்சு. அதுக்குப் பதிலா ரெண்டு பழம் கடையில வாங்கி உள்ள வச்சுக் கொடுத்தேன். ஆபீஸ்ல எனக்குச் சாமியார்னுதான் பேரு. வயல்ல வேலை பாக்கும்போது டீ வாங்கிக் கொடுத்தாக்கூட என் டீக்கு நான்தான் காசு கொடுப்பேன். காசு வாங்குதவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

என்ன சிரிக்கிய? சிரிங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், ரொம்ப வருஷம். லஞ்சம்னா காசு. காசு வாங்கலன்னா சுத்தம். அவ்வளவுதான் கணக்குன்னு.

ஒண்ணு சொல்லட்டா? உங்களுக்கு அலுப்பா இருந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா இன்னைக்கு யார்கிட்டயாவது சொல்லணும்.

என் வீட்டுக்காரி சொர்ணம். அவளுக்கு நாப்பத்தி நாலு வயசுல ரெண்டு கிட்னியும் போச்சு. திருநெல்வேலியில அவ தங்கச்சி வீட்டுல இருந்துக்கிட்டு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். நான் இந்தா, இப்ப ஏறினேன்லா, இந்த ஊர்லதான் வேலை. ஊர்ப் பேரை நான் வாயால சொல்லல, உங்களுக்கே தெரியும். ரெண்டரை மணி நேரப் பயணம். செவ்வாயும் வெள்ளியும் அவ ஒத்தையில ஒரு பையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவா. தங்கச்சிக்கு அவ பிள்ளைகளைப் பாக்கணும், அவளைக் குறை சொல்ல முடியாது. ஒருநாள் டவுன் பஸ்ஸவிட்டு இறங்கின உடனே மயங்கி விழுந்துட்டா. பழக்கடைக்காரர் ஒருத்தர்தான் தூக்கி உக்கார வச்சு முகத்துல தண்ணி தெளிச்சிருக்காரு. அந்த நேரம் நான் எங்க இருந்தேன்? எவனோ ரெண்டு அண்ணன் தம்பி வரப்புக்குச் சண்டை போடுதான், அதுக்கு நடுவுல நின்னு கல்லைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

திருநெல்வேலிக்கு மாத்தல் கேட்டு நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி காகிதம் எல்லாம் வச்சுத்தான். நாலு தடவையும் ஒரே பதில். பாக்கலாம். அந்த வார்த்தை இருக்கே அண்ணாச்சி, அதுல ஆமாவும் இல்ல, இல்லைங்கிறதும் இல்ல. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எனக்கு ஒருத்தர் சொல்லும்போதுதான் அது எப்படிக் குத்தும்னு தெரிஞ்சுது.

அப்பத்தான் ஒருநாள் எனக்கு மேல உள்ள அதிகாரி கூப்பிட்டாரு. பேரு வேண்டாம், இப்ப அவரு இல்ல. உக்காருங்கன்னாரு. அவரு முன்னால நான் உக்காந்ததே அன்னைக்குத்தான்.

“வேலாயுதம், வீட்டம்மாவுக்கு எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு சார்.”

“உங்க டிரான்ஸ்ஃபர் காகிதம் என் மேஜையிலதான் கெடக்கு. மனசுல இருக்கு.” அப்படின்னுட்டு இன்னொரு ஃபைலைப் புரட்டுதாரு. “பால்துரை ஓடைக்கரையில கல்யாண மண்டபம் கட்டப் போறாரு. அந்த சர்வே நம்பரை அளந்து கொடுத்துருங்க. பழைய படம் கிழிஞ்சு தூள் தூளா கெடக்கு. இனிமே நீங்க எழுதுததுதான் படம். ஓடை அந்த எடத்துல அவ்வளவு அகலம் இருக்காதுன்னு நெனைக்கேன்.”

அவ்வளவுதான் அண்ணாச்சி. இதைச் செய்யின்னு அவரு சொல்லல. செய்யுதேன்னு நானும் சொல்லல. யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கல. வெளிய வந்து வராண்டாவுல நின்னு தண்ணி குடிச்சேன். ரெண்டு டம்ளர்.

எங்கிட்ட மாசானம்னு ஒரு செயின்மேன். சங்கிலி பிடிக்கிற ஆளு. நான் கோணத்தைப் பாப்பேன், அவன் சங்கிலியை இழுத்துப் போட்டு அளவைச் சத்தமாச் சொல்லுவான், நான் புஸ்தகத்துல எழுதுவேன். பத்து மீட்டர் சங்கிலி. ஒரு சங்கிலி முடிஞ்சா அங்கன ஒரு குச்சியை ஊணிட்டு அடுத்ததை இழுக்கணும். மாசானத்துக்குத் தொண்டை அப்படி. ரெண்டு வயல் தாண்டியும் கேக்கும். ஆறு வருஷமா எங்கூட இருந்தான். ஒரு அளவு தப்பினதில்ல.

அன்னைக்குப் பால்துரை, அவரு ஆளுக ரெண்டு பேரு, நானு, மாசானம். ஓடையில தண்ணி இல்ல. வேலிக்காத்தான் முள்ளை ஒதுக்கிக்கிட்டு மாசானம் அந்தக் கரையில இருந்து சங்கிலியை இழுத்தான். குச்சி ஊணினான். மறுபடி இழுத்தான். நிமிந்து நின்னு சத்தம் போட்டான்.

“பதினாறு மீட்டர், அய்யா!”

நான் ஆறுன்னு எழுதினேன்.

அந்த ஒண்ணு போடுத எடத்துல பேனா கொஞ்ச நேரம் நின்னுச்சு. செவ்வாய்க்கிழமை அன்னைக்கு. சொர்ணம் அந்நேரம் பஸ்ல இருப்பா. அதை நெனச்சேன். நெனச்சு, ஆறுன்னு போட்டேன். பத்து மீட்டர் ஓடை மண்டபத்துக்குள்ள போயிருச்சு. மாசானத்துக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். புஸ்தகத்துல கையெழுத்துப் போடச் சொன்னேன். எங்கன போடணும்னு கேட்டான். காட்டினேன். போட்டான்.

கிளம்பும்போது பால்துரை எனக்கு ஒரு கவரை நீட்டினாரு. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். அதெல்லாம் நமக்குப் பழக்கமில்லைன்னேன். மாசானத்துக்கிட்ட இருநூறு ரூவாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தாரு. அவன் வாங்கிட்டான். வீட்டுல நாலு பேரு, பொட்டலம்னா அவனுக்குப் பெருசு. வழியெல்லாம் அவனைக் கண்டிச்சுக்கிட்டே வந்தேன் பாத்துக்கிடுங்க. “அரசாங்கச் சம்பளம் வாங்குதவன் இப்படிக் கை நீட்டலாமால? கேவலமா இல்ல?” அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “பிள்ளைகளுக்குய்யா, தப்புதான்யா”ன்னான்.

நான் சொல்லுதேன் இதை, அவனுக்கு!

ஒம்பதாவது நாள் எனக்கு மாத்தல் வந்திருச்சு. ஆர்டரைக் கொண்டுக்கிட்டுப் போய் சொர்ணத்துக்கிட்ட காட்டினேன். அவ அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டா. “நீங்க யாருக்கும் கெட்டது நெனைக்கல, அதான் கடவுள் கண்ணைத் தொறந்துட்டாரு”ன்னா. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் இருந்தா. செவ்வாயும் வெள்ளியும் நான்தான் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போவேன். ஊசி போட்டுக் கெடக்கிற நாலு மணி நேரமும் பக்கத்துல உக்காந்து பேப்பர் வாசிச்சுக் காட்டுவேன். அந்த அஞ்சு வருஷத்தைத் திருப்பிக் கொடுன்னு எவனாவது கேட்டா, இப்பவும் கொடுக்க மாட்டேன் அண்ணாச்சி. அதையும் சொல்லிருதேன். நல்லவன் மாதிரி பேசக் கூடாது.

மூணாவது வருஷம் ஐப்பசியில அடைமழை. மலையில இருந்து வந்த தண்ணிக்கு ஓடையில எடம் இல்ல. மண்டபத்துச் சுவரு நிக்குது. தண்ணி அந்தப் பக்கம் ஏறாம இந்தப் பக்கம், கீழத்தெருவுக்குள்ள போயிருச்சு. மத்தியானம் மூணு மணி. பதினோரு வீடு. எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுதாவ. பேச்சித்தாய்னு ஒரு பொம்பளை, பீடி சுத்துதவ. இலைக்கட்டு நனைஞ்சா கம்பெனிக்காரனுக்குப் பதில் சொல்லணுமேன்னு திரும்பி உள்ள போனா. மண் சுவரு. மேல விழுந்திருச்சு.

பேப்பர்ல போட்டிருந்தான். சொர்ணத்துக்குப் பக்கத்துல உக்காந்து வாசிக்கிறேன், அந்தச் செய்தி வருது. நான் பக்கத்தைத் திருப்பிட்டேன். அவ கண்ணை மூடிக்கிட்டே கேட்டா, “ஏன் நிறுத்திட்டிய?” ஒண்ணும் இல்ல, எழுத்து சரியாத் தெரியலன்னேன்.

கீழத்தெரு ஆளுக மனு போட்டாவ, மறியல் பண்ணினாவ. விசாரணை வந்துச்சு. ஓடை எப்படி ஆறு மீட்டர் ஆச்சுன்னு கேள்வி. அதிகாரி ரிட்டையர் ஆயிட்டாரு. பால்துரை, கவர்மெண்டு கொடுத்த படத்தைப் பாத்துத்தான கட்டினேன்னுட்டாரு. மண்டபத்து ஆளு ஒருத்தன் வாக்குமூலம் கொடுத்தான், செயின்மேன் இருநூறு ரூவாயும் பொட்டலமும் வாங்கினான்னு. மாசானத்தைக் கேட்டாவ. ஆமாய்யா, வாங்கினேன்னு ஒத்துக்கிட்டான். பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு.

எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்துச்சு. மூணு நாள் உக்காந்து எழுதினேன். எழுதினது ஒரே ஒரு வரிதான். ‘களப்பணியாளர் வாசித்த அளவின்படியே புத்தகத்தில் பதிவு செய்யப்பட்டது.’

பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. ஒரு எழுத்துப் பிழை கெடையாது.

முதல்ல வேற மாதிரிதான் எழுதினேன். அதைக் கிழிச்சுப் போட்டேன். வேலை போயிட்டா சொர்ணத்தோட வைத்தியம் என்னாகும்னு. எப்பவும் சொர்ணம்தான் எனக்குக் காரணம், பாத்தீகளா? அவ மேல எல்லாத்தையும் ஏத்திட்டேன், அவளுக்கே தெரியாம.

மாசானத்தை டிஸ்மிஸ் பண்ணிட்டாவ. பென்ஷனும் போச்சு. லஞ்சம் வாங்கிக்கிட்டு அளவைக் குறைச்சுச் சொன்னான்னு. எனக்குக் கவனக்குறைவுன்னு ஒரு கண்டிப்பு, அதோட சரி. சொர்ணம் போய்ச் சேந்தப்புறம் அஞ்சு வருஷம் வேலை பாத்தேன். ரிட்டையர் ஆன அன்னைக்கு ரோஜாப்பூ மாலை. கை சுத்தமான மனுசன்னு மைக்ல பேசினாவ. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அழுதேன் அண்ணாச்சி, மாலையைப் போட்டுக்கிட்டு.

போன மாசம் என் மச்சினன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பாத்தா அதே மண்டபம். போகாம இருக்க முடியல. தாலி கட்டி முடிஞ்ச உடனே பந்திக்குக் கூப்பிட்டாவ. எனக்கு உள்ள எறங்காதுன்னு தெரியும். கொல்லைப்பக்கம் காத்தாட வந்தேன். அந்த ஓடைக்குள்ள ஒரு ஆளு முட்டளவு சாக்கடையில நின்னு ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில எறியுதான். மண்டபத்து எச்சில் இலை, தண்ணிப் பாட்டில், எல்லாத்தையும் வாரிப் போடுதான். நிமிந்தான். மாசானம்.

“அய்யா! நல்லாருக்கியளா?” கையை வேட்டியில தொடைச்சுக்கிட்டு ஓடி வாரான். தலை முழுக்க நரைச்சுப் போச்சு.

“என்ன மாசானம், நகராட்சி வேலையா?”

“இல்லய்யா, சும்மாத்தான். மழைக்கு முன்னால வருஷா வருஷம் செய்வேன்.”

“யாரு கூலி கொடுக்கா?”

“யாரு கொடுப்பா? நானாத்தான்யா.” அப்புறம் கொஞ்சம் பக்கத்துல வந்து, சத்தத்தைக் குறைச்சுக் கேட்டான். “அய்யா, ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு நான் பதினாறுன்னுதான சொன்னேன்? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பென்ஷனுக்கு அப்பீல் போடப் போறான், சாட்சிக்குக் கூப்பிடுதான்னு நெனச்சேன். “ரொம்ப வருஷம் ஆச்சுல்லா மாசானம். பாக்கலாம்”னேன். சரிங்கய்யான்னுட்டு மறுபடியும் ஓடைக்குள்ள எறங்கிட்டான்.

அதுக்கப்புறம் எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. ஒரு வாரம் உக்காந்து முழுசா எழுதினேன். அவன் பதினாறுன்னான், நான் ஆறுன்னு எழுதினேன், இன்னாருக்காக, இன்ன காரணத்துக்காக, எல்லாம். ஆபீஸுக்குக் கொண்டு போனேன். இப்ப இருக்க அதிகாரி சின்ன வயசுப் பையன். நாற்காலி போட்டாரு, காப்பி வாங்கியாரச் சொன்னாரு. வாசிச்சாரு. வாசிச்சிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாரு.

“சார், முடிஞ்சு போன கேஸு. இதை நான் வாங்கினா உங்க பென்ஷன்ல கை வைப்பாங்க. எங்களுக்கும் தலைவலி. வீட்டுக்குக் கொண்டு போங்க சார். நீங்க எவ்வளவு நேர்மையானவருன்னு எல்லாரும் சொல்லுதாங்க.”

நல்ல பையன்தான். மரியாதையாத்தான் சொன்னாரு. மாசானத்துக்கு அந்த நாற்காலியைப் போட்டிருக்க மாட்டாவ. நானும் காப்பியைக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

சரி, ஆபீஸ் வாங்கலன்னா அவன்கிட்டயே கொடுத்திருவோம், அவன் வக்கீலை வச்சு என்ன வேணும்னாலும் செய்யட்டும்னு இன்னைக்குக் காலையில அவன் வீட்டுக்கு வந்தேன். ஓட்டு வீடு, ஒரே அறை. பெரிய மக முத்துச்செல்வி துணிக்கடையில கணக்கு எழுதுதா. இன்னைக்கு அவ கடைக்குப் போயிருந்தா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன். வீட்டுலதான் இருந்தா. அவதான் காகிதத்தை வாங்கி அவங்க அப்பாவுக்குச் சத்தமா வாசிச்சா. பாதியில அவ குரலு மாறிச்சு. நிறுத்தல. கடைசி வரி வரைக்கும் வாசிச்சா. என் பேரையும் வாசிச்சா.

மாசானம் தரையில உக்காந்திருந்தான். ஏசுவான்னு நெனச்சேன். அடிக்க வந்தாலும் வரட்டும்னு நெனச்சேன். அவன் மக கையிலிருந்து காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி, அந்த நம்பரைத் தேடி விரலை வச்சான்.

“அப்ப நான் சரியாத்தான் சொல்லிருக்கேனா அய்யா?”

“சரியாத்தான் சொன்ன மாசானம்.”

“ஒரு குச்சியை எண்ணாம விட்டுட்டேன்னு நெனச்சேன்யா. பொட்டலத்துக்கு ஆசைப்பட்டு, வெரசா முடிக்கணும்னு, ஒரு சங்கிலியை விட்டுட்டேன்னு. ராத்திரி படுத்தா அந்தக் குச்சிதான் வரும். ஊணினேனா, ஊணாம விட்டேனான்னு. பதினோரு வருஷமா எண்ணிக்கிட்டு இருக்கேன்யா.” அப்புறம் என் முகத்தைப் பாத்துக் கேட்டான், “அப்ப பேச்சித்தாயை நான் கொல்லலையா அய்யா?”

அண்ணாச்சி, அவன் வேலையைப் பத்திக் கேக்கல. பென்ஷனைக் கேக்கல. ஓடையில அவன் ஏன் நின்னான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. அவன் வேலையைத்தான் நான் பறிச்சேன்னு நெனச்சிட்டு இருந்தேன். என் தலையில இருக்க வேண்டிய அந்தச் சாவையும் தூக்கி அவன் தலையில வச்சிருக்கேன். அவனும் எங்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டுப் பேசாம இருந்திருக்கான், அய்யா எழுதினா சரியாத்தான் இருக்கும்னு.

நான் வாயைத் தொறக்குததுக்குள்ள எந்திரிச்சிட்டான். “பேச்சித்தாய் மக கீழத்தெருவுலதான் இருக்காய்யா. என்னையக் கண்டாக் கதவைச் சாத்திருவா. நீங்க வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். இந்தா, சட்டையைப் போட்டுட்டு வந்திருதேன்”னு உள்ள போனான். அவன் மக என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. காகிதத்தை நெஞ்சோட பிடிச்சிருக்கா.

நான் செருப்பைப் போட்டேன். வாசலுக்கு வந்தேன். தெருமுனையில இந்த பஸ் திரும்பிச்சு. கையைக் காட்டினேன். நின்னுச்சு. ஏறிட்டேன்.

அவன் சட்டை போட்டுட்டு வாரதுக்குள்ள.

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? நீங்க என்ன சொல்ல வாரியன்னு தெரியுது. காகிதத்தைத்தான் கொடுத்தாச்சே, அது போதாதான்னு ஏறினதுல இருந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டு வாரேன். காகிதத்துல எழுதுறது எனக்கு எப்பவும் கைவந்த வேலை. ஒரு பொம்பளைப் பிள்ளை முன்னால போய் நின்னு, உங்க அம்மா சாவுக்கு நான்தான் காரணம்னு வாயால சொல்லணும். அதுக்குக் காலு வர மாட்டேங்குது.

நாளைக்குப் போகலாம்ங்கிறியளா? இல்ல. நாளைக்குன்னா நான் போக மாட்டேன். என்னைய எனக்குத் தெரியும்.

அவன் இந்நேரம் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பான். அய்யா கடைக்குப் போயிருப்பாரு, வந்திருவாருன்னு மகள்கிட்ட சொல்லிக்கிட்டு நிப்பான். எவ்வளவு நேரம் ஆனாலும் நிப்பான்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க அண்ணாச்சி. கண்டக்டர் தம்பி! ஏ தம்பி! விசில் கொடுப்பா, இங்கனயே எறங்கிக்கிடுதேன். ஸ்டாப் இல்லைன்னா என்ன, திரும்பி நடந்துக்கிடுதேன்.